பத்து நொடி

ஏம்மா, அந்த வீடியோவைக் காதுல மாட்டிக் கேட்கக் கூடாதா?

கோபப்படாதீங்க. சத்தம் எனக்கு ஒண்ணும் செய்யாது. இருபது வருஷம் மீன் வித்த காது இது. அந்த டாக்டர் மூட்டுத் தேய்மானம்னு பேசறார் பாருங்க, அதுதான். நீங்க உங்க முழங்காலுக்காகக் கேட்கறீங்க. பின்னாடி சீட்டுல இருக்கிறவர் எதுக்காகக் காது கொடுக்கறார்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் அப்படித்தான் தெரியலை. அதுலதான் என் வேலை போச்சு.

இதோ, என்கிட்ட ஹெட்செட் இருக்கு. வேணும்னா எடுத்துக்கங்க. வலது காது செத்துப் போச்சு, இடது நல்லா கேட்கும். வேண்டாமா? சரி. பஸ் செங்குன்றம் போக எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், வெளியே பாருங்க, ஒரு லாரி நகரலை. சொல்றேன். யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேர் தனபாக்கியம். நான் மொழிபெயர்ப்பாளர். கூடையைப் பார்த்துட்டுச் சிரிக்காதீங்க. கூடை இப்பத்தான் திரும்பக் கைக்கு வந்தது. ஒன்றரை வருஷம் கழுத்துல அட்டை போட்டிருந்தேன், போட்டோ ஒட்டின அட்டை. டாக்டருங்க என்னைப் பார்த்து "வாங்க"ன்னு சொல்லுவாங்க. மீன்காரியைப் பார்த்து யாரும் வாங்கன்னு சொன்னதில்லை, என்ன விலைன்னுதான் கேட்பாங்க.

எனக்கு வங்காளி பாஷை வரும். எப்படின்னு கேளுங்க. அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு தெரு முழுக்க லாட்ஜ். நோயாளியைக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் ரயில்ல வந்து, அங்கேயே மாசக்கணக்கில தங்கி, வாடகை ஸ்டவ்வுல சமைச்சுச் சாப்பிடற ஜனம். எல்லாம் வங்காளிங்க. கடல் மீனைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. ஆத்து மீன் வேணும், கட்லா வேணும், ரோகு வேணும். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்பாங்க. தமிழ்ல திட்டினா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. அவங்க பாஷையில திட்டினா நின்னு பதில் சொல்லுவாங்க. நின்னாங்கன்னா வாங்கிடுவாங்க. இது எனக்கு முதல் வருஷத்துலயே தெரிஞ்சு போச்சு. அப்படிக் கத்துக்கிட்டதுதான். பள்ளிக்கூடம் ஆறாவதோட சரி.

ஒருநாள் ஒரு வங்காளி அம்மாவோட இருபது நிமிஷம் சண்டை. முந்தின நாள் மீன்னு சொல்லிட்டா. வந்த கோபத்துல அவங்க மாமியார் வரைக்கும் இழுத்துட்டேன். கண்ணாடி போட்ட ஒரு மேடம் ஓரமா நின்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஜெசிந்தா மேடம். ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்க்கிற ஆளுங்களை அனுப்பற ஏஜென்சி வச்சிருக்காங்க. "இவ்வளவு வேகமா ரெண்டு பாஷையில திட்டற ஆளை நான் பார்த்ததில்லை, எங்கிட்ட வர்றீங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்க சொன்ன சம்பளத்துக்கு ஒண்ணரை மடங்கு கேட்டேன். ஒண்ணேகாலுக்கு வந்து நின்னாங்க. சேர்ந்துட்டேன்.

மூணு நாள் பயிற்சி. மூணு விதி. முதல் விதி, நோயாளி "எனக்கு வலிக்குது"ன்னு சொன்னா நாமும் "எனக்கு வலிக்குது"ன்னுதான் சொல்லணும். அவருக்கு வலிக்குதாம்னு சொல்லக் கூடாது. அந்த நேரத்துக்கு நாம இல்லை, நம்ம வாய் மட்டும்தான் இருக்கு. ரெண்டாவது, எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது. மூணாவது, வெளியே நோயாளி பேரோ நோயோ பேசக் கூடாது. அதனால பேரையே நமக்குச் சொல்ல மாட்டாங்க. டோக்கன் நம்பர், எந்தப் பிரிவு, எதைப் பத்திப் பேச்சு. அவ்வளவுதான் போனுக்கு வரும்.

நல்லா கேட்டுக்கங்க, ரெண்டாவது விதியை நான் மீறினதே இல்லை. சேர்த்ததும் இல்லை, விட்டதும் இல்லை.

முதல் தடவை போனப்ப மானம் போச்சு. சிறுநீரகப் பிரிவு. எனக்கு மீனோட குடல் தெரியும், பித்தப்பை தெரியும், செவுள் தெரியும், எல்லாம் வங்காளியில தெரியும். மனுஷனுக்கு செவுளே இல்லையே. டாக்டர் சொன்னதுல பாதி சொல்லுக்கு முழிச்சேன். அந்த டாக்டர் ரொம்ப மரியாதையா, "அடுத்த தடவை தயாரா வாங்கம்மா"ன்னார். திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

அன்னைக்குத்தான் ஜெசிந்தா மேடம் போன்ல ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாங்க. மொழிபெயர்க்கிறவங்களுக்குன்னே இருக்கிறது. எனக்கு வங்காளி எழுத்து தெரியாது, ஆனா அதுல எழுத்தே வேண்டாம். மனுஷ உடம்பு படம் இருக்கும். ஈரலைத் தொட்டா ஈரல்னு வங்காளியில ஒரு பொம்பளை குரல் சொல்லும். எந்த நோய்க்குப் போறோமோ அதுக்கு மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம் வீடியோ. நாளைக்கு டோக்கன் வருதுன்னா இன்னைக்கே அதைப் பத்தின எல்லாத்தையும் கேட்டு வச்சுக்கலாம்.

அதுல பயிற்சி ஒலின்னு ஒண்ணு உண்டு. அதைத்தான் உங்களுக்குச் சொல்லணும். ஒரு ஆள் ஒரு வாக்கியம் பேசுவார். அப்புறம் பத்து நொடி சத்தமே இருக்காது. அந்த நேரத்துல நாம அதை மாத்திச் சொல்லணும். அப்புறம் அடுத்த வாக்கியம். திரும்பப் பத்து நொடி. நான் தினமும் சாயங்காலம் சோறு வடிச்சுட்டு உட்கார்ந்துடுவேன். ஒரே ரூம் வீடு, எதிர்ல சுவரு, கையில போன். அந்தக் குரல் பேசும், நிறுத்தும், எனக்காகக் காத்திருக்கும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு சத்தம் வராது. மார்க்கெட்டுல யார் அப்படி விடுவாங்க? ஒருநாளைக்கு முப்பது நாற்பது வாக்கியம் பேசுவேன். சில நாள் அதுக்கு மேலயும். வேலைக்காகத்தான், வேறென்ன.

அந்த சைட்டுல குழுவும் உண்டு. டெல்லி, குவஹாத்தி, லண்டன்னு எல்லா ஊர்லயிருந்தும் ஆளுங்க. இந்த நோய்க்குப் போறேன், என்ன பார்த்துட்டுப் போகணும்னு ஒருத்தர் கேட்பார், தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. நான் வாய்ஸ்ல போடுவேன். ஒருத்தி என் பேச்சைக் கேட்டுட்டு "சந்தை வங்காளி"ன்னு எழுதினா. விடுவேனா. நாலு நிமிஷம் பதில் கொடுத்தேன், சந்தை வங்காளியிலயே. ஒரு மாசம் என்னைத் தள்ளி வச்சுட்டாங்க. போகட்டும்னு வீடியோ மட்டும் பார்த்தேன். பத்து நொடிக்காரன் என்னைத் தள்ளி வைக்கலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன சித்திரை. போனுக்கு வந்தது: டோக்கன் நாற்பத்தொண்ணு, கணையப் புற்றுநோய், நாலாவது நிலை, நோயாளிக்கு நிலைமையை எடுத்துச் சொல்றது. நாலு நாள் முன்னாடியே வந்துடுச்சு. நாலு நாளும் அதே வேலை. கணையம்னா என்ன, அது எங்கே இருக்கு, வலிக்கு என்ன மருந்து, குணமாக்க முடியாதுங்கிறதை எந்தச் சொல்லால சொல்லணும், எந்தச் சொல்லால சொல்லக் கூடாது. மனப்பாடம். அந்த ஆஸ்பத்திரியில நோயாளிக்கு டாக்டரே நேரா சொல்லணும்னு பழக்கம். வீட்டு ஆளுங்க நடுவுல நின்னு மாத்திச் சொல்லக் கூடாதுன்னுதான் எங்களைக் கூப்பிடறது.

அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிட்டேன். பெஞ்சுல உட்கார்ந்து, கடைசியா ஒரு தடவை வீடியோவைப் போட்டேன். ஹெட்செட்டுல சத்தம் சரியா வரலை. பிடுங்கிட்டு ஸ்பீக்கர்ல போட்டேன். அந்தக் குரல் சொல்லச் சொல்ல நானும் கூடவே முணுமுணுத்தேன், பரீட்சைக்குப் போற பொண்ணு மாதிரி.

பக்கத்துல ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். அறுபத்தஞ்சு இருக்கும். ஒல்லி. துவைச்சு மடிப்புக் கலையாத சட்டை. "தீதி, நீங்க வங்காளியா?"ன்னார். அவங்க பாஷையில அக்கான்னா தீதி, அண்ணன்னா தாதா. இல்லைன்னேன். "பின்னே இவ்வளவு அழகா பேசறீங்க?"ன்னார்.

அம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருஷத்துல என் வங்காளியை அழகுன்னு சொன்ன முதல் ஆள் அவர்.

அவர் பேர் ஹரிபதோ மாய்த்தி. மேதினிபூர் பக்கம், வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கார். தம்பிக்கு உடம்பு சரியில்லைன்னு கூட வந்திருக்காராம். தம்பிக்கு என்னன்னு கேட்டேன். "நீங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, இதேதான்னு நினைக்கிறேன். எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்லை"ன்னார்.

தம்பின்னுதான் சொன்னார். அதைக் கவனிச்சுக்கங்க.

எனக்கு ஒரே உற்சாகம். நாலு நாள் படிச்சிருக்கேன் இல்லையா. முதல்லயிருந்து போட்டுக் காட்டினேன். கணையம் படத்தைத் தொட்டுக் காட்டினேன். வயித்துக்குப் பின்னாடி படுத்திருக்கிற நீட்டு இலை மாதிரின்னேன். அவர் குனிஞ்சு பார்த்து, "இலைதான். எங்க கொடிக்கால்ல நோய் வந்தா காம்புல ஆரம்பிச்சு நுனிக்குப் போகும். இதுல எங்கே ஆரம்பிக்குது?"ன்னு கேட்டார். காட்டினேன். எங்கெல்லாம் பரவும்னு கேட்டார். காட்டினேன். ஆபரேஷன் உண்டான்னு கேட்டார். நாலாவது நிலைன்னா இல்லை, வலியைக் குறைக்கிறதுதான்னேன். அப்புறம் ரொம்ப சாதாரணமா, விலை கேட்கிற மாதிரி, "எவ்வளவு நாள்?"ன்னு கேட்டார்.

வீடியோவுல சில மாசம்னுதான் இருந்தது. நான் ஒரு வருஷம்கூட இருப்பாங்க, ரெண்டு வருஷம்கூட இருப்பாங்கன்னேன். சேர்த்துச் சொன்னேன்தான். பெஞ்சுல விதி கிடையாது, டாக்டர் ரூமுக்குள்ளதான் விதி. அவர் சிரிச்சார். "ஆறு மாசம்னு எடுத்துக்கறேன்"ன்னார். எங்கிட்டயே பேரம்.

முக்கால் மணி நேரம் பேசியிருப்போம். என் ஊர் கேட்டார். வீட்டுல யார் யார்னு கேட்டார். நானும் போனும்னேன். அதுக்கும் சிரிச்சார். பத்து நொடி பயிற்சியைக் காட்டினேன், அவர் வங்காளியில ஒரு வாக்கியம் சொல்லுவார், நான் தமிழ்ல சொல்லுவேன், சும்மா விளையாட்டுக்கு. "மழை வந்தா கொடிக்கால் கூரையைப் பிரிச்சு விடணும்." சொன்னேன். "என் மகன் நல்லவன், ஆனா என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறான்." அதையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துட்டு இருந்தார். ஒரு சொல் புரியாதுதான், ஆனா பார்த்தார்.

அப்பத்தான் நர்ஸ் கூப்பிட்டாங்க, டோக்கன் நாற்பத்தொண்ணு.

நான் எழுந்தேன். அவரும் எழுந்தார்.

என்னத்தைச் சொல்ல. இருபது வருஷம் பேரம் பேசியிருக்கேன், எத்தனை பேர் தனக்கு வேணுங்கிறதைப் பக்கத்து வீட்டுக்குன்னு சொல்லி விலை குறைக்கப் பார்த்திருக்காங்க, அத்தனை பேரையும் கண்டுபிடிச்சிருக்கேன். இந்த ஆள்கிட்ட விழுந்துட்டேன். பேரை முன்னாடியே சொல்லியிருந்தா விழுவேனா? சொல்லுங்க. மூணாவது விதியைப் போட்டது யார்?

உள்ளே போனோம். மகன் சௌமேன் முன்னாடியே உள்ளே இருந்தான். பெங்களூர்ல வேலை, இங்கிலீஷ்ல பொரிஞ்சு தள்ளுவான். அப்பாவுக்கு எதுவும் சொல்லாதீங்கன்னு டாக்டர்கிட்ட தனியா கெஞ்சிட்டு இருந்திருக்கான். டாக்டர் முடியாதுன்னுட்டார். சரி, மெதுவா, பக்குவமா சொல்லுங்கன்னு ஒத்துக்கிட்டிருக்கான். இது எல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்சது.

டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, மென்மையாதான் ஆரம்பிச்சார். "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு முதல்ல நீங்க சொல்லுங்க"ன்னார். நான் வங்காளியில சொன்னேன்.

அவர் சொன்னார். நான் தமிழ்ல சொன்னேன், விதிப்படி: "எனக்கு எல்லாம் தெரியும். கணையத்துல ஆரம்பிச்சு ஈரலுக்குப் போயிருக்கு. ஆபரேஷன் இல்லை. ஆறு மாசம். வெளியே பெஞ்சுல இந்த அம்மா சொன்னாங்க."

வேற எவளா இருந்தாலும் கடைசி வாக்கியத்தை முழுங்கியிருப்பா. டாக்டருக்கு வங்காளி தெரியாது, எனக்குத்தான் தெரியும். முழுங்கியிருந்தா அந்த நேரத்துக்குத் தப்பிச்சிருப்பேன். நான் முழுங்கலை.

டாக்டர் கையில பேனா அப்படியே நின்னது. மகன் எழுந்துட்டான். வங்காளியில கத்தறான். என் வேலை என்ன, கத்தினாலும் மாத்திச் சொல்றதுதானே. சொன்னேன். "இந்தப் பொம்பளைக்கு அறிவு இருக்கா. எங்கேயிருந்து பிடிச்சுட்டு வந்தீங்க இவளை. இவளை வெளியே அனுப்புங்க." என்னை நானே தமிழ்ல ஒரு சொல் விடாம திட்டினேன். அவன் குரல்லயே.

அப்புறம்? அப்புறம் என்ன, டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிட்டார். போன்ல வேற ஆளைப் பிடிச்சுப் பேசி முடிச்சாங்க. மகன் ஏஜென்சிக்குப் புகார் கொடுத்தான். ஜெசிந்தா மேடம் அட்டையைத் திருப்பிக் கேட்டாங்க. வாசல்லயே நின்னு ஒரு மணி நேரம் வாதாடினேன். ஹெட்செட் நீங்க கொடுத்ததுதானே, பழுதுன்னு நான் ரெண்டு தடவை சொல்லலையான்னு கேட்டேன். பேர் சொல்லாத விதி உங்களுதுதானேன்னேன். எல்லாத்துக்கும் "நீங்க வெளியே பேசிட்டீங்க தனம்"னு அதையே சொன்னாங்க. ரெண்டாவது விதியை நான் மீறலையே, அதுக்கு ஒரு மதிப்பு இல்லையான்னு கேட்டேன். அட்டையை வாங்கி டிராயர்ல போட்டாங்க.

இப்ப சொல்லுங்க, யார் தப்பு?

நீங்க ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. வேற என்ன இருக்கு சொல்ல? எல்லாம் சொல்லிட்டேன்.

சரி. ஒண்ணு இருக்கு.

மகன் கத்தி முடிச்சப்ப, அவர் கையைத் தூக்கி அவனை உட்காரச் சொன்னார். அப்புறம் டாக்டரைப் பார்த்துப் பேசினார். நிதானமா, நிறுத்தி நிறுத்தி, நான் சொல்றதுக்கு வசதியா. பெஞ்சுல விளையாடினோமே, அதே மாதிரி. அவர் சொன்னது இதுதான். "ஆறு மாசமா என்கிட்ட யாரும் உண்மையா ஒரு வார்த்தை பேசலை. இவங்கதான் பேசினாங்க. எனக்குப் பயமா இருக்கு. நான் இங்கே இருக்கிற வரைக்கும் இவங்களே என்கூட வரட்டும். வேற யாரும் வேண்டாம்."

நிறுத்திட்டு என் வாயைப் பார்த்தார்.

நான் அதை எப்படிச் சொல்லணும்? விதிப்படி "நான்"னு சொல்லணும். "எனக்குப் பயமா இருக்கு. இந்த அம்மாவே என்கூட வரட்டும்." என் வாயால. அப்பத்தான் வேலை போகப் போகுது, இவ தனக்கே பேரம் பேசறா, அவர் சொல்லாததைச் சேர்க்கறான்னு நினைக்க மாட்டாங்களா? அந்த மகன் வேற அங்கேயே நிக்கறான். நினைப்பாங்க. அதனாலதான். அது மட்டும்தான் காரணம்.

எனக்குப் பயமா இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லை அம்மா, என் புருஷன் விட்டுட்டுப் போன அன்னைக்குக்கூட. அந்த வாக்கியம் எனக்குத் தமிழ்ல பழக்கமில்லை.

டாக்டர், "என்ன சொல்றார்?"னு கேட்டார். நான், "மகனைச் சும்மா இருக்கச் சொல்றார்"னேன்.

மகனுக்கு வங்காளி தெரியும், தமிழ் தெரியாது. நான் என்ன சொன்னேன்னு அவனுக்கும் தெரியாது. அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழிச்சு மகன் அவரைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தான். என்கிட்ட வந்ததும் நின்னார். "தீதி, நான் அவ்வளவு சொன்னேனே, உங்க பாஷையில அது அவ்வளவு சின்னதா?"ன்னு கேட்டார்.

"ஆமா தாதா, எங்க பாஷையில சுருக்கமா சொல்லிடலாம்"னேன்.

சரின்னு தலையாட்டினார். நம்பினாரா இல்லையான்னு தெரியலை. நம்பற மாதிரிதான் தலையாட்டினார். பேரத்துல நல்ல ஆள், முகத்துல காட்ட மாட்டார். மகன் இழுத்துட்டுப் போயிட்டான். மறுநாள் லாட்ஜ் லாட்ஜா கேட்டேன், ரெண்டு கட்லா எடுத்துட்டுத்தான் போனேன். நாலாவது லாட்ஜ்ல, காலையிலயே காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க.

மீனை அங்கேயே வித்துட்டேன். பேரம்கூடப் பேசலை.

வெப்சைட் இன்னும் திறக்குது. அதுக்கு அட்டை கேட்கறதில்லை. நேத்துக்கூடப் போட்டேன். அந்தக் குரல் ஒரு வாக்கியம் பேசுது, நிறுத்துது. நான் பேசலை. சும்மா பார்த்துட்டு இருந்தேன், என்ன செய்யுதுன்னு. பத்து நொடி ஆனதும் அது பாட்டுக்கு அடுத்த வாக்கியத்துக்குப் போயிடுச்சு. ஏன் சொல்லலைன்னு கேட்கலை.

இதோ, லாரி நகருது. நீங்க எங்கே இறங்கணும்? செங்குன்றத்துக்கு முன்னாடியேவா?

சரி. அந்த வீடியோவை எதுக்கு நிறுத்திட்டீங்க. போடுங்க. ஹெட்செட் வேண்டாம், சத்தமாவே போடுங்க. இறங்கற வரைக்கும் நானும் கேட்கறேன்.